பின் சிலிண்டர்

சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட் பக்கம் வந்து "ஹெட் வேலை செய்யிற ஷெட் எங்க?" என்று கேட்டால் டீக்கடைக்காரரே வழி சொல்வார். ஒரகடம் சாலையில், டயர் கடைக்கும் வெல்டிங் பட்டறைக்கும் நடுவில், தகரக் கூரை போட்ட இடம். வண்டி முழுசையும் நான் பார்ப்பதில்லை. கிளட்ச், கியர்பாக்ஸ், வயரிங் பார்க்க வேறு நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு சிலிண்டர் ஹெட் மட்டும். கழற்றிக் கோணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். வால்வு, கைடு, சீட், போர்ட், எரியறை. 1989இல் இருந்து இந்த ஐந்தோடுதான் என் பிழைப்பு.

வேலை கற்க வருகிற பையன்களில் பாதிப் பேர் சுற்றியிருக்கும் ஆலைகளில் ஷிப்ட் பார்க்கிறவர்கள். வார ஓய்வு நாளில் வருவார்கள். டார்க் ரெஞ்சும் கேஜும் அவர்களுக்கு என்னைவிட நன்றாகப் பழக்கம். ஆனால் ஒரே ஹெட்டோடு மூன்று நாள் உட்கார்ந்திருந்த பழக்கம் அவர்களுக்கு இல்லை. லைனில் அதற்கு இடமும் இல்லை. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலை கற்றது புதுப்பேட்டையில். என் மேஸ்திரி சோழவரம் காலத்து மனிதர். யுத்த காலத்து விமான ஓடுதளம் அது. அதன் மேல்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்திக்கொண்டிருந்தது. அங்கே ஓடின புல்லட்டுகளுக்கு ஹெட் செய்து பழகிய கை அவருடையது. நான் சேர்ந்தபோது சோழவரம் முடிந்து, பந்தயம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைக்கு மாறிக்கொண்டிருந்தது. பந்தயக் கதை எதையும் அவர் வாயால் கேட்டதில்லை. யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால்கூட, "அந்த வண்டியோட எக்ஸாஸ்ட் சீட்டு ஒரு பக்கம் தின்னிருந்துச்சுடா" என்பார். அவருக்கு ஞாபகம் இருந்தது அதுதான்.

முதல் ஆறு மாதம் கரி சுரண்டினேன். பித்தளைத் தகட்டை நானே தீட்டிச் செய்த சுரண்டி. இரும்பு எடுத்தால் கையில் அடி விழும். "அலுமினியத்துக்கு இரும்பக் காட்டாதே" என்பார். ஒவ்வொரு ஹெட்டையும் கெரசினில் போடும் முன் அவரிடம் காட்டி, என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். உலர்ந்த புகைக்கரி என்றால் பெட்ரோல் அதிகம். இன்லெட் வால்வின் முதுகில் ஈரமாகக் கெட்டியாகப் படிந்திருந்தால் கைடு தேய்ந்து ஆயில் இறங்குகிறது. வெளுத்துக்கிடந்தால் காற்று அதிகம், சூடு அதிகம். பிளக்கின் பீங்கான் மேல் ஊசிமுனை அளவு அலுமினியப் புள்ளி தெரிந்தால் உள்ளே பிஸ்டன் அடிவாங்கிக்கொண்டிருக்கிறது. கழுவிவிட்டால் இத்தனையும் போய்விடும். இன்றைக்கும் ஷெட்டில் ஹெட்டைக் கழுவிக் கொண்டுவந்து கொடுக்கிற வாடிக்கையாளரைப் பார்த்தால் மனசு சங்கடப்படும்.

மூன்றாம் வருடம் கையில் டை கிரைண்டர் கொடுத்தார். ஒரு கல்லூரிப் பையனின் புல்லட் 350. இன்லெட் போர்ட்டைப் பெரிதாக்கினால் காற்று நிறையப் போகும், வண்டி பறக்கும் என்று நினைத்தேன். 24 மி.மீ. கார்பு மாட்டுகிற ஹெட்டில் போர்ட்டை 28க்கு மேல் விரித்தேன். அப்புறம் எமரி, அதற்கு மேல் மெட்டல் பாலிஷ். உள்ளே முகம் பார்க்கலாம் போல ஆக்கிவைத்தேன். பையன் மறுநாளே திரும்பி வந்தான். கீழ் வேகத்தில் வண்டி இருமுகிறது, பரங்கிமலைப் பக்கம் ஏற்றத்தில் இழுக்கவே இல்லை.

மேஸ்திரி திட்டவில்லை. "உங்க அம்மா அடுப்பு ஊதுற குழல் இருக்கில்ல, அது வாய் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார். ஊதாங்குழலின் நுனித் துளையைச் சுண்டுவிரல் நகத்தில் காட்டினேன். "ஏன் அவ்வளவு சின்னதா வச்சான்? பெருசா வச்சா காத்து நிறைய வருமே?" பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். புல்லட் 350க்கு போர் 70, ஸ்ட்ரோக் 90. நிதானமாக நீளமாக இழுக்கிற இன்ஜின். போர்ட் அகலமானால் காற்றின் ஓட்டம் தளர்ந்துபோகும். தளர்ந்த காற்றால் பெட்ரோல் துளிகளைச் சுமக்க முடியாது. துளிகள் சுவரில் வழிந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சிலிண்டருக்குள் ஒழுகும். சுவர் கண்ணாடி போல இருந்தால் அது இன்னும் மோசம். அதனால்தான் இன்லெட் போர்ட்டை 80ஆம் நம்பர் எமரியோடு நிறுத்திவிடுகிறேன். விரலில் சொரசொரப்பு லேசாகத் தெரிய வேண்டும். எக்ஸாஸ்ட் போர்ட்டை எவ்வளவு வேண்டுமானாலும் பளபளப்பாக்கலாம். அங்கே கரி ஒட்டாமல் இருந்தால் போதும்.

கெட்டுப்போன ஹெட்டை என்ன செய்வது என்று கேட்டேன். "ஆக்ஸா பிளேடு எடு, போர்ட்டு நடுவால அறு" என்றார். ஒரு முழுப் பகல் அறுத்தேன். இரண்டாகப் பிளந்த பிறகுதான் நான் எதைக் குடைந்தேன் என்பதே தெரிந்தது. கார்பில் இருந்து வருகிற பாதை, வால்வுக்கு அருகில் கீழ்நோக்கி மடங்குகிற அந்த உள்வளைவு, அதுதான் ஹெட்டின் உயிர்நாடி. வெளிவளைவில் காற்று சுவரைத் தழுவிக்கொண்டு போகும். உள்வளைவில் மடங்க முடியாமல் பிரிந்து சுழலும். நான் அந்த உள்வளைவைத்தான் வழித்து எடுத்து, மடிப்பை இன்னும் கூர்மையாக்கியிருந்தேன். தரையைத் தொடாதே, மேற்கூரையில் எடு, கைடு நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டை மெலிதாக்கு என்று அன்றைக்கு அவர் சொன்ன மூன்றையும் இன்றும் மாற்றிக்கொள்ளக் காரணம் கிடைக்கவில்லை. பிளந்த அந்த ஹெட் என் ஷெட் சுவரில் தொங்குகிறது. புதிதாக வருகிற பையனிடம் முதலில் அதைத்தான் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவச் சொல்கிறேன்.

வேலையில் வரிசை முக்கியம். கைடை மாற்றாமல் சீட்டைத் தொடக் கூடாது. சீட் கட்டரின் பைலட் கைடுக்குள்தான் நிற்கிறது. தேய்ந்த கைடில் பைலட் ஆடும், ஆடின பைலட்டில் வெட்டின சீட் வட்டமாக இருக்காது. பிறகு எத்தனை மணி நேரம் பேஸ்ட் போட்டு லேப் செய்தாலும் வால்வு ஒரு பக்கம் உட்காரும், ஒரு பக்கம் மிதக்கும். கைடு போட ஹெட்டைச் சூடாக்க வேண்டும். மேஸ்திரி விரலைத் தண்ணீரில் தொட்டுத் தெளிப்பார். தோசைக்கல்லில் போல துளி உருண்டு ஓட வேண்டும், சும்மா ஆவியானால் பதம் வரவில்லை. பதம் வந்தால் கைடு சுத்தியலின் இரண்டு மெல்லிய தட்டில் இறங்கிவிடும். அடித்து இறக்குகிறவன் ஹெட்டைக் கெடுக்கிறான்.

சீட்டில் மூன்று கோணம் வெட்டுவோம். வால்வு உட்காரும் 45, மேலே 30, கீழே 60. உட்காரும் பட்டை இன்லெட்டில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் போதும், எக்ஸாஸ்ட்டில் ஒன்றரை வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் அந்தப் பட்டை வழியாகத்தான் ஹெட்டுக்குக் கொடுத்து ஆறுகிறது. அழகுக்காக மெலிதாக்கினால் வால்வு எரியும்.

இதெல்லாம் ஒற்றைச் சிலிண்டர்காரன் வித்தை. இருபத்தைந்து வருடம் இதை மட்டுமே வைத்துக்கொண்டு நான் எல்லாம் தெரிந்தவன் என்றுதான் இருந்தேன்.

புல்லட்காரர்களுக்கு, இரண்டு சிலிண்டர் வி போலச் சாய்ந்து நிற்கும் வி-ட்வின் மேல் தீராத ஆசை ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ரெட்டிச்சில் இருந்த பழைய என்ஃபீல்டு கம்பெனி 1930களிலேயே 1140 சிசியில் கேஎக்ஸ் என்று ஒரு வி-ட்வின் செய்திருக்கிறது. அது சைடு வால்வு, ஹெட் வெறும் மூடி. என் வகை ஆளுக்கு அதில் பெரிய வேலை இல்லை. நம் காலத்தில் அனிகேத் வர்தன் என்பவர் அமெரிக்காவில் இருந்துகொண்டு, இரண்டு புல்லட் 350இன் மேல்பாகத்தை ஒரே கிராங்க்கேஸின் மேல் 59 டிகிரியில் உட்கார வைத்து மஸ்கெட் என்று பெயர் வைத்தார். அதற்கு முன்பே பால் கார்பெரி என்ற ஆஸ்திரேலியாக்காரர் 55 டிகிரியில் 1000 சிசி செய்தார். படம் பார்த்துவிட்டு, "அண்ணே, நம்ம ஷெட்டுல பண்ணலாமா?" என்று கேட்காத பையன் இல்லை. ஹெட் இரண்டும் நமக்குத் தெரிந்த ஹெட்தானே என்றுதான் நானும் நினைத்தேன். அந்த நினைப்பு உடைந்தது 2016 கோடையில்.

ஒரகடம் பக்கத்து ஆலை ஒன்றில் வேலை பார்க்கும் இன்ஜினியர் தன் ஹார்லி ஸ்போர்ட்ஸ்டர் 883ஐக் கொண்டுவந்தார். 45 டிகிரி வி, ஏர் கூல்டு, புஷ்ராட். வெளிநாட்டில் எல்லோரும் செய்வது போல 1200 ஆக்கித் தர வேண்டும் என்றார். ஸ்ட்ரோக் அப்படியே இருக்க, போர் 76.2இல் இருந்து 88.9க்குப் போகும். நான் சிலேட்டில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு சிலிண்டர் 441 சிசி. கம்ப்ரஷன் 9:1 என்றால் மேலே மிஞ்சும் இடம் 55 சிசி. சிலிண்டர் 600 சிசி ஆகி, அந்த 55 அப்படியே இருந்தால் கிட்டத்தட்ட 12:1. நம் ஊர் வெயிலில், நம் பெட்ரோலில், ஜிஎஸ்டி ரோடு நெரிசலில் அது தாங்காது. அதற்குக் குழிவான பிஸ்டன் தனியாக வரவழைக்க வேண்டும். "சார், இருக்கிற 883க்கே ஹெட்டை ஒழுங்கா செஞ்சு தரேன், ஓட்டிப் பாருங்க" என்றேன். ஒத்துக்கொண்டார்.

அந்த ஹெட்டுகளில் நான் செய்த வேலையில் இன்றும் குறை சொல்ல மாட்டேன். கைடு, சீட், போர்ட்டின் உள்வளைவு எல்லாம் நிதானமாகச் செய்தேன். அக்ரிலிக் தகட்டில் துளை போட்டு, கிரீஸ் தடவி எரியறை மேல் ஒட்டி, பியூரெட்டில் கெரசின் விட்டு அளந்தேன். பின் ஹெட் 0.8 சிசி பெரிதாக இருந்தது. முன் ஹெட்டில் வால்வைச் சுற்றி இழைத்து இரண்டையும் 0.2க்குள் கொண்டுவந்தேன். கம்ப்ரஷன் கொஞ்சம் ஏறட்டும் என்று இரண்டு ஹெட்டின் அடிமுகத்தையும் அரை மில்லிமீட்டர் சீவி ஸ்கிம் செய்தேன். கணக்கில் 9.3 வந்தது. இரண்டு ஹெட்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை போல இருந்தன.

ஸ்ரீபெரும்புதூர் வரை ஓட்டிப்போய்த் திரும்புவதற்குள் பின் சிலிண்டரில் தட்டும் சத்தம். ஐடிலிங் ஏறி இறங்கியது. ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சர் வெடித்தது. பிளக் கழற்றினேன். முன் பிளக் மண் நிறம், பின் பிளக் சுண்ணாம்பு.

பின் சிலிண்டர் சூடாவது வி-ட்வினின் பிறவிக் குணம். முன் சிலிண்டர் மறைத்துக்கொள்ள, பின்னதுக்குக் கிடைப்பது அது உமிழ்ந்த வெந்த காற்று. பெரிய ஹார்லிகளில் வெயிலில் நின்றுகொண்டு ஐடிலில் ஓடும்போது பின் சிலிண்டரையே நிறுத்திவைக்கும் ஏற்பாடு கம்பெனியே செய்திருக்கிறது. அதனால் நான் சூட்டின் மேலேயே பழி போட்டேன். பின் சிலிண்டருக்குப் பெட்ரோலைக் கூட்டச் செய்தேன், இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கச் செய்தேன், ஒரு படி குளிர்ந்த பிளக் போட்டேன். இரண்டு வாரம். தட்டு குறைந்ததே தவிர நிற்கவில்லை.

அன்று கோடை மழை பெய்து ஓய்ந்திருந்தது. வண்டியோடு ரயில்வே கேட்டில் நிற்கிறேன். ஐடிலிங் வழக்கம்போல ஏறி இறங்குகிறது. இடது பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ நுழைந்து குட்டைத் தண்ணீரை இன்ஜின் மேல் வாரி அடித்தது. ஆவி கிளம்பியது. ஐடிலிங் நேராக நின்றது. ஐந்தாறு விநாடி, தண்ணீர் காயும் வரைக்கும். பிறகு மறுபடி அதே ஆட்டம்.

கேட் திறந்து, பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தும் எனக்குக் காது கேட்கவில்லை. காற்று எங்கேயோ திருட்டு வழியில் உள்ளே போகிறது. அந்த ஓட்டையைத் தண்ணீர் ஒரு கணம் அடைத்திருக்கிறது.

ஷெட்டுக்கு வந்து டேங்கை இறக்கினேன். அந்த இன்ஜினில் இரண்டு இன்லெட் போர்ட்டும் வி-யின் நடுவில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். நடுவில் ஒரே மேனிஃபோல்டு இரண்டு கையை நீட்டி இரண்டையும் பிடித்திருக்கும். புல்லட்டில் ஹெட்டை அரை மில்லிமீட்டர் ஸ்கிம் செய்தால் ஹெட் அரை மில்லிமீட்டர் கீழே இறங்கும், கார்பும் கூடவே இறங்கும், அவ்வளவுதான். வி-ட்வினில் ஹெட் சாய்வாக இறங்குகிறது. இறங்குவதோடு நடுவை நோக்கி நகரவும் செய்கிறது. 45 டிகிரி வி-யில், இரண்டும் அரை மில்லிமீட்டர் இறங்கினால் இடைவெளி கிட்டத்தட்ட 0.4 மி.மீ. சுருங்கும். மேனிஃபோல்டு மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. முறுக்கி உட்கார வைத்ததில் முன் பக்கம் அழுந்த உட்கார்ந்து, பின் பக்கம் ஒரு ஓரத்தில் சீல் மடங்கிப் பிதுங்கியிருந்தது. ஃபீலர் கேஜின் மெல்லிய இலை உள்ளே போனது.

ஒவ்வொரு ஹெட்டும் தனியாகச் சரி. இரண்டுக்கும் நடுவில் இருந்த இடத்தை நான் அளக்கவே இல்லை.

தடித்த கண்ணாடித் தகட்டின் மேல் எமரி விரித்து, மேனிஃபோல்டின் இரண்டு முகத்தையும் எட்டு வடிவத்தில் தேய்த்தேன். பத்து தேய்ப்புக்கு ஒரு முறை மைக்ரோமீட்டர், நீலம் தடவி மாட்டிப் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது. ஒன்றரை நாள் ஆனது. புது சீல் போட்டு மாட்டியதும் ஐடிலிங் கல் போல நின்றது. கூட்டின பெட்ரோலையெல்லாம் குறைத்தேன். பின் சிலிண்டருக்கு இக்னிஷன் மட்டும் இரண்டு டிகிரி பின்னாலேயே இருக்கட்டும் என்று விட்டேன். இன்றும் அந்த வண்டியில் பின் பிளக் முன்னதைவிட ஒரு சாயல் வெளுத்துத்தான் இருக்கிறது. அது காற்றின் வேலை, அதை ஹெட்டில் தீர்க்க முடியாது. அந்த இரண்டு வார வேலைக்கு அவரிடம் கூலி வாங்கவில்லை.

அதன் பிறகுதான் காற்று அளக்கும் பெஞ்ச் ஒன்று செய்துகொண்டேன். பழைய வேக்யூம் கிளீனர் மோட்டார் இரண்டு, மரப்பெட்டி, கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபில் கலர் தண்ணீர். பெரிய ஆய்வுக்கூடங்களில் 28 அங்குல நீர் அழுத்தத்தில் அளப்பார்கள். என்னுடையது பத்து அங்குலத்தைத் தொடுவதற்கே திணறும். அதில் வரும் எண்ணை நான் யாரிடமும் சொல்வதில்லை. முன் ஹெட்டை வைத்து, டயல் கேஜால் வால்வை ஒவ்வொரு மில்லிமீட்டராகத் தூக்கி, தண்ணீர் நிற்கும் இடத்தில் பேனாவால் கோடு போடுவேன். பிறகு பின் ஹெட். கோட்டுக்குக் கோடு பொருந்த வேண்டும். மேனிஃபோல்டையும் சேர்த்து மாட்டி அளக்கிறேன் இப்போது. 45 டிகிரி வி-யில் ஒரு சிலிண்டர் வெடித்து 315 டிகிரியில் அடுத்தது வெடிக்கும், அதற்கப்புறம் 405 டிகிரி ஓய்வு. மூச்சும் அதே தாளத்தில்தான். ஒன்று இழுத்த சூட்டோடு மற்றது இழுக்கிறது, பிறகு நீண்ட இடைவெளி. ஒரே மேனிஃபோல்டில் இரண்டுக்கும் ஒரே பங்கு கிடைப்பதில்லை என்பதை அந்தக் கலர் தண்ணீர் எனக்குச் சொல்லாது. ஆனால் உலோகத்தின் பக்கம் குறை இல்லை என்று தெரிந்தால், மீதியைப் பெட்ரோலிலும் இக்னிஷனிலும் தேடலாம்.

2018இல் வந்த என்ஃபீல்டு 650 இப்போது ஷெட்டுக்கு நிறைய வருகிறது. இந்தச் சாலையிலேயே பிறந்த இன்ஜின். இரண்டு சிலிண்டரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஹெட், எட்டு வால்வு, ஒரே கேம். இரண்டு சிலிண்டருக்கும் காற்று நேராக முன்னால் இருந்து கிடைக்கிறது. ஸ்கிம் செய்தாலும் இரண்டு போர்ட்டும் ஒன்றாகவே இறங்கும். கிராங்கை மட்டும் 270 டிகிரியில் வைத்திருப்பதால் வெடிப்பின் இடைவெளி 270, 450. 90 டிகிரி வி-ட்வினின் தாளம் அதுவேதான். கேட்டில் நிற்கும்போது பின்னால் ஒரு 650 வந்து நின்றால் திரும்பிப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன். வி-ட்வின் பாட்டு, வி-ட்வின் தலைவலி இல்லாமல். அதைச் செய்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதில் வேலை என்றால் நான் போர்ட்டைக் குடைவதில்லை. நாலு இன்லெட் சீட்டையும் ஒரே ஆழத்துக்குக் கொண்டுவருவேன், அறைகளின் சிசியைச் சமன் செய்வேன், வால்வு கிளியரன்ஸை நிதானமாக வைப்பேன். ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் "ஸ்பீடு ஏறலண்ணே, ஆனா வண்டி மெத்துனு போகுது" என்பார்கள்.

இந்த வாரம் மேசையில் மறுபடி ஒரு 883இன் பின் ஹெட் இருக்கிறது. ஆலையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வந்த பையன் எக்ஸாஸ்ட் வால்வுக்கு லேப் போட்டுக்கொண்டிருக்கிறான். கம்பை இரு உள்ளங்கைக்கு நடுவில் உருட்டுகிறான். நடுநடுவே வால்வைத் தூக்கி, கால் வட்டம் திருப்பி, மறுபடி வைக்கிறான். பேஸ்ட் முதலில் மணலை மிதிப்பது போல நறநறக்கும். வேலை முடிய முடிய அது தேய்ந்து, துணி உரசுவது போல வரும். அந்தச் சத்தம் மாறிய பிறகு உருட்டினால் பட்டை அகலமாகும், பள்ளம் விழும். நான் வேறு வேலை செய்வது போல முதுகைக் காட்டிக்கொண்டு காதை மட்டும் அங்கே வைத்திருந்தேன். சத்தம் மாறியது. இன்னும் இரண்டு உருட்டு உருட்டினான். நிறுத்தினான். துணியால் துடைத்து, வெளிச்சத்துக்குக் காட்டினான். பட்டையைச் சுற்றி ஒரே சாம்பல் வளையம், அறுபடாமல்.

"போதுமாண்ணே?"

"ஸ்பிரிங்கு மாட்டி, போர்ட்டுல கெரசின் ஊத்தி வை தம்பி. டீ குடிச்சிட்டு வந்து பார்க்கலாம்."